சைக்கிள் பாதை காட்டி நிலம் கேட்கலாமா? இங்கிலாந்தின் ரட்லண்ட் ஏரி சொல்லும் கதை

ஒரு பக்கம் பரந்து கிடக்கும் தண்ணீர், இன்னொரு பக்கம் ஆடு மேயும் புல்வெளி, நடுவில் வளைந்து போகும் பாதை. அதில் குழந்தைகளோடு மெதுவாக சைக்கிள் மிதித்துப் போகிறது ஒரு குடும்பம். இங்கிலாந்தின் ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தில் வார இறுதி நாட்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய காட்சி இது.

இந்தக் காட்சிக்கு இப்போது ஒரு அரசியல் முக்கியத்துவமும் வந்திருக்கிறது. கிழக்கு இங்கிலாந்தில் 2 பெரிய நீர்த்தேக்கங்களைப் புதிதாகக் கட்டும் வேலை வேகம் பிடித்துள்ளது. அதற்காக விளைநிலங்கள் கையகப்படுத்தப்பட உள்ளன. "தண்ணீர் மட்டுமில்லை, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இடம் கிடைக்கும்" என்பதும் அந்தத் திட்டங்களுக்கு ஆதரவாக வைக்கப்படும் வாதங்களில் ஒன்று. அதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம் ரட்லண்ட். அங்கே உண்மையில் என்ன கிடைத்தது? யார் என்ன இழந்தார்கள்?

ரட்லண்ட் வாட்டர் எவ்வளவு பெரியது?

மத்திய இங்கிலாந்தில் உள்ள சின்னஞ்சிறு மாவட்டம் ரட்லண்ட். அதன் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம் இந்த ஒரே ஏரிதான். கிட்டத்தட்ட 11 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இங்கிலாந்திலேயே பெரிய நீர்த்தேக்கம் இது. கொள்ளளவில் மட்டும் வடக்கே உள்ள கீல்டர் முந்திவிடும்.

ரட்லண்டின் கொள்ளளவு 12 கோடியே 40 லட்சம் கன மீட்டர். நம்ம ஊர் கணக்கில் சொன்னால் சுமார் 4.4 டிஎம்சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும்.

க்வாஷ் என்ற சிறு ஆற்றின் குறுக்கே, எம்பிங்ஹாம் கிராமத்துக்குப் பக்கத்தில் 1970களில் மண் அணை கட்டினார்கள். ஆனால் அந்த ஆறு மட்டும் இந்த ஏரியை நிரப்பிவிடாது. வெல்லண்ட், நென் என்ற 2 ஆறுகளிலிருந்து தண்ணீரை பம்ப் செய்து கொண்டுவந்து தேக்குகிறார்கள். நிர்வகிப்பது ஆங்கிலியன் வாட்டர் என்ற குடிநீர் நிறுவனம்.

சைக்கிள் பாதை எப்படிப் போகிறது?

ஏரியைச் சுற்றி வர 2 வழி உண்டு. கரையை மட்டும் சுற்றினால் சுமார் 27 கிலோமீட்டர். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாம்பிள்டன் தீபகற்பத்தையும் சேர்த்துக்கொண்டால் சுமார் 37 கிலோமீட்டர். அவசரமில்லாமல் மிதித்து, நடுவில் நின்று சாப்பிட்டு வந்தால் முதல் சுற்றுக்கு அரை நாள் ஆகும். இரண்டாவதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாளே ஒதுக்க வேண்டும்.

பலர் வடகரையில் உள்ள விட்வெல்லில் கிளம்புகிறார்கள். அங்கேயிருந்து கிழக்கே போனால் அணை வரும். சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அணையின் மேல் மேடு பள்ளம் இல்லாத நேர்ப் பாதை. புதிதாக சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்கு ஏற்ற பகுதி இதுதான். அணையைத் தாண்டினால் தென்கரையில் நார்மன்டன், எடித் வெஸ்டன். பிறகு மேற்கே மேன்டன், எகிள்டன் என்ற கிராமங்கள்.

கஷ்டம் வடமேற்கில்தான். பார்ன்ஸ்டேல் காட்டுப் பகுதியிலும் ஹாம்பிள்டன் தீபகற்பத்திலும் குட்டையான, ஆனால் செங்குத்தான ஏற்றங்கள் உண்டு. அங்கே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பாதை சில இடங்களில் தார், பல இடங்களில் கெட்டிப்படுத்திய ஜல்லி. அதனால் மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளைவிட சாதாரண அகல டயர் சைக்கிள்தான் வசதி. ஓக்கம் ரயில் நிலையம் ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். கார் இல்லாதவர்களும் வந்து போக முடியும்.

குடிநீர் ஏரியில் பொதுமக்களை எப்படி விடுகிறார்கள்?

நம்ம ஊர் வாசகர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். ஏரித் தண்ணீர் நேராகக் குழாய்க்குப் போவதில்லை. பக்கத்தில் விங் என்ற இடத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டித்தான் வீடுகளுக்குப் போகிறது. அதனால் சைக்கிள் மட்டுமல்ல, பாய்மரப் படகு, மீன்பிடிப்பு ஆகியவற்றுக்கும் அனுமதி உண்டு.

அதற்காகப் பிரச்சினையே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. 1989ல் ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகியது. அது கலந்த தண்ணீரைக் குடித்த ஆடுகளும் நாய்களும் இறந்தன. தண்ணீரில் விளையாட்டுகள் நிறுத்தப்பட்டன. இதற்கு சைக்கிள் ஓட்ட வந்தவர்கள் காரணமில்லை. வயல் உரங்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் ஆறுகளில் சேரும் பாஸ்பரஸ் போன்ற சத்துகள்தான் இப்படிப்பட்ட பாசிக்குத் தீனி. ஏரியின் சுத்தம் கரையில் நடப்பதை விட, அதற்கு வந்து சேரும் ஆறுகளின் நிலையைப் பொறுத்தது என்பதை அன்று பலரும் புரிந்துகொண்டார்கள்.

பறவைகளுக்கு யார் இடம் கொடுத்தது?

வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மேற்குக் கரையில் மட்டும் சைக்கிள் பாதை தண்ணீரை விட்டு விலகி, ரோட்டை ஒட்டிப் போகிறது. காரணம், அந்தப் பக்கம் பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் வந்து தங்கும் இடம்.

விராலடிப்பான் என்ற மீன் பிடிக்கும் கழுகின் குஞ்சுகளை 1996 முதல் ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவந்து இங்கே வளர்த்தார்கள். 2001ல் அவை இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. மத்திய இங்கிலாந்தில் சுமார் 150 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த விஷயம் அது. மனிதர்களுக்கு எல்லாக் கரையையும் திறந்துவிட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்ததால்தான் மற்ற பக்கங்களில் பாதை நிலைத்திருக்கிறது.

தண்ணீருக்குள் போனது என்ன?

இதுதான் இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி. அணை கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளும் பண்ணைகளும் இருந்தன. நெதர் ஹாம்பிள்டன் என்ற ஊர் முழுவதும் போனது. மிடில் ஹாம்பிள்டனும் பெரும்பகுதி போய்விட்டது. மேட்டில் இருந்த அப்பர் ஹாம்பிள்டன் மட்டும் தப்பியது. அதுதான் இன்று சைக்கிள் ஓட்டிகள் மூச்சு வாங்க ஏறும் தீபகற்பம்.

நார்மன்டன் தேவாலயத்தையும் இடித்துவிடத்தான் முதலில் திட்டமிட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள். கடைசியில் கட்டடத்தின் கீழ்ப்பகுதியைக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி, தரையை உயர்த்தி, கரையிலிருந்து ஒரு பாதையும் போட்டார்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீருக்குள் நிற்பது போலத் தெரியும் அந்தக் கட்டடம் இப்போது திருமணங்கள் நடக்கும் இடம். இந்த ஏரி என்றாலே கண்ணில் வரும் படமும் அதுதான். மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் பண்ணவாடி நந்தி சிலையைப் பார்த்தவர்களுக்கு இந்த உணர்வு புதிதல்ல. அங்கே தண்ணீர் குறைந்தால்தான் பழைய ஊரின் நினைவு வரும். இங்கே அது எப்போதும் கண்முன் நிற்கிறது.

இப்போது என்ன நடக்கிறது?

இங்கிலாந்தில் கடைசியாகத் திறக்கப்பட்ட பெரிய நீர்த்தேக்கம் டெர்பிஷயரின் கார்சிங்டன். அது 1992ல். அதன்பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய அளவில் எதுவும் கட்டி முடிக்கப்படவில்லை. மக்கள்தொகை கூடியது. வறண்ட கோடைகளும் வந்தன.

இந்த நிலையில் 2025 மே மாதம் பிரிட்டன் அரசு ஒரு முடிவெடுத்தது. லிங்கன்ஷயர் நீர்த்தேக்கம், கேம்பிரிட்ஜ்ஷயரின் ஃபென்ஸ் நீர்த்தேக்கம் இரண்டையும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டங்களாக அறிவித்தது. அதாவது அனுமதி தருவதா வேண்டாமா என்பதை உள்ளூர் கவுன்சில் அல்ல, மத்திய அமைச்சரே முடிவு செய்வார். இரண்டும் சேர்ந்து ஏழரை லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குத் தண்ணீர் தரும் என்பது அரசின் கணக்கு. கட்டி முடிய 2030களின் பிற்பகுதியோ 2040ஓ ஆகலாம்.

எதிர்ப்பு வருவது நிலம் வைத்திருப்பவர்களிடமிருந்து. தலைமுறை தலைமுறையாக உழுத வயல் போகும் என்றால், "கரையில் சைக்கிள் ஓட்டலாம்" என்பது அவர்களுக்கு ஆறுதலாக இருக்காது. அவர்கள் கேட்பது நியாயமான விலை, மாற்று நிலம், முடிவெடுக்கும் இடத்தில் தங்கள் குரல். இதில் எதையும் சைக்கிள் பாதை ஈடு செய்யாது.

அப்படியானால் பாதையால் பயனே இல்லையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அணை எப்படியும் வரப்போகிறது என்றால், அதைச் சுற்றி முள்வேலி போட்டு மூடிவிடுவதைவிட மக்களுக்குத் திறந்துவிடுவது மேல். ரட்லண்டில் காசு கொடுத்து கிளப்பில் சேராமலே ஒருவர் காலையில் வந்து ஏரியை ஒரு சுற்று சுற்றலாம். சுற்றியுள்ள கிராமங்களில் டீக்கடை, தங்கும் விடுதி, சைக்கிள் வாடகை என்று வருமானமும் வருகிறது.

சிக்கல் கணக்கில்தான். இழப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். ரட்லண்டில் வீட்டை இழந்தவர்கள் சில குடும்பங்கள், பாதையை அனுபவிப்பவர்கள் 50 ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் வெளியூர்க்காரர்கள். பாதை பொதுமக்களுக்குக் கிடைக்கும் லாபம். நிலம் கொடுத்தவருக்கான இழப்பீடு அது ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசும்போதுதான் லிங்கன்ஷயர் விவசாயிக்குக் கோபம் வருகிறது.

புதிய 2 திட்டங்களின் அனுமதி விசாரணையில் கவனிக்க வேண்டியதும் அதுதான். வரைபடத்தில் சைக்கிள் பாதை எத்தனை கிலோமீட்டர் என்பது இரண்டாவது கேள்வி. நிலம் போகிறவருக்கு என்ன, எப்போது, யார் கொடுக்கப்போகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.