பின்வீல் மேல ஏன் பழி போடுறீங்க?

கனடாவில் இருக்கும் நம்ம ஆட்களிடம் கார் பற்றிப் பேச்சை எடுத்தால் ஒரு அறிவுரை நிச்சயம் வரும். "என்ன வேணா வாங்கு, ரியர் வீல் டிரைவ் மட்டும் வாங்காத. ஸ்னோல செத்த." சொல்பவர் பெரும்பாலும் அப்படி ஒரு காரைப் பனிக்காலத்தில் ஓட்டியிருக்க மாட்டார். அவருக்குச் சொன்னவரும் ஓட்டியிருக்க மாட்டார். இது பாதி உண்மை என்பதுதான் என் கட்சி. மீதிப் பாதியில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

விம்கோ நகரில் உட்கார்ந்துகொண்டு ஸ்னோவைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மஃப்ளர் கட்டிக்கொள்ளும் ஊர் இது. "பனி" என்றால் எங்களுக்கு மார்கழிக் காலையில் வண்டி சீட்டை நனைத்து வைக்கும் சமாச்சாரம், அவ்வளவுதான். ஆனால் நான் பேசப்போவது டயரைப் பற்றி. டயர் பற்றிப் பேச திருவொற்றியூர்க்காரனுக்கு உரிமை உண்டு ஐயா! 1946ல் மாம்மன் மாப்பிள்ளை இங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் எம்.ஆர்.எஃப். 1952ல் டயர் ரீட்ரெடிங்குக்கான ரப்பர், 1961ல் டயர். (2023 ஜூனில் அந்த ஒரு ஷேர் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது எங்கள் காமர்ஸ் வகுப்பே இரண்டு நாள் அதைத்தான் பேசியது. ஒருவனிடமும் ஒரு ஷேர்கூடக் கிடையாது :-))

சரி, விஷயம் இதுதான். ஸ்கார்பரோவில் இருக்கும் என் பெரியப்பா பையனுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் பிடித்துவிட்டது. ரியர் வீல் டிரைவ். அதே வருஷம், அதே கிலோமீட்டர் ஓடிய ஆல் வீல் டிரைவ் மாடலைவிட விலை கணிசமாகக் குறைவு. அங்கே எல்லோரும் பயந்து ஒதுக்குவதால்தான் அந்த விலை. ரூம்மேட் முதல் கோயிலில் பார்த்த மாமி வரை வேண்டாம் என்கிறார்கள். போன் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா இருபது வருஷத்துக்கு மேல் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர். அண்ணன் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "டயர் என்னா போட்டிருக்கான்? அத மொதல்ல பாத்தியா?" அண்ணன் பார்க்கவில்லை.

முதலில், பழியில் எது நியாயம் என்று பார்த்துவிடுவோம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மழைநாளில் நின்று பார்த்தால் இது புரியும். சேற்றில் மாட்டிக்கொண்டு பின்சக்கரம் வெறுமனே சுற்றுவது பெரும்பாலும் காலி டிரெய்லர்தான். கன்டெய்னர் ஏறினால் அதே வண்டி ஒழுங்காக ஏறிப்போகும். இழுக்கிற சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறதோ அவ்வளவு பிடி. முன்சக்கரம் இழுக்கும் சாதாரண காரில் இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் இழுக்கிற சக்கரத்தின் தலைமேல் இருக்கும். மொத்த எடையில் 60 சதவீதம் அளவுக்கு முன்னால். பி.எம்.டபிள்யூ பெருமையாகச் சொல்லிக்கொள்வது 50க்கு 50 என்ற பங்கீடு. நல்ல ரோட்டில் வளைவில் திருப்பும்போது அது சுகம். ஆக்சிலேட்டரை மிதித்தால் எடை பின்னால் சாயும், பின்சக்கரத்துக்குக் கூடுதல் பிடி கிடைக்கும். பனியில் அப்படி மிதிக்கவே முடியாதே? அதனால் அந்த லாபம் காணாமல் போய்விடுகிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதிலும், மேட்டில் ஏறுவதிலும் ரியர் வீல் டிரைவ் கஷ்டப்படும். அந்தக் காலத்தில் டிக்கியில் மணல் மூட்டை போட்டு ஓட்டினார்கள், காரணம் இதுதான்.

இன்னொன்று, வழுக்கும் விதம். முன்சக்கர வண்டியில் அதிகமாக மிதித்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர வண்டியில் வால் வீசும். பழக்கமில்லாதவன் பயந்துபோய் ஸ்டியரிங்கை உடைக்கப் பார்ப்பான், வண்டி பம்பரமாகச் சுற்றும். பழைய கார்களில் இது நிஜமான ஆபத்து. ஆனால் 2011 செப்டம்பருக்குப் பிறகு கனடாவில் தயாரிக்கப்பட்ட, விற்கப்பட்ட புதிய கார்களுக்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். வால் வீச ஆரம்பித்த கணத்தில் அது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, இன்ஜின் வேகத்தையும் குறைத்துவிடும். அண்ணன் பார்த்த காரில் அது இருக்கிறது.

இவ்வளவும் வண்டியைக் கிளப்புவது பற்றி. நிறுத்துவது?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆல் வீல் டிரைவ் காரில் நாலு சக்கரமும் இழுக்கும், சரி. பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது! நிறுத்தும்போது இவனுக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பிளஸ் டூ பிசிக்ஸை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த தார் ரோட்டில் உராய்வுக் குணகம் சுமார் 0.8, இறுகிய பனியில் 0.2, ஐஸ் மேல் 0.1 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் காய்ந்த ரோட்டில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். பனியில் 49 மீட்டர். ஐஸில் 98 மீட்டர். இந்தச் சமன்பாட்டில் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதற்கு இடமே இல்லை. காரின் விலைக்கும் இடமில்லை. ரப்பருக்கும் ரோட்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது மட்டும்தான்.

ஆல் வீல் டிரைவில் இன்னொரு விபரீதம் உண்டு. அது சுலபமாகக் கிளம்பிவிடுவதால் ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரிவதே இல்லை. சிக்னலில் சறுக்கும்போதுதான் தெரியும். ரியர் வீல் டிரைவ்காரனுக்கோ வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆக, ரப்பருக்கு வருவோம். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். விண்டர் டயரின் கலவை வேறு. குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதன் மேல்பட்டையில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும், அவை பனியைக் கவ்வும். வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் "எம் பிளஸ் எஸ்" எழுத்து போதாது. அது டயரின் பட்டை வடிவத்துக்காகக் கம்பெனியே போட்டுக்கொள்வது. மலைச் சின்னம் பனியில் ஓட்டிச் சோதித்த பிறகு கிடைப்பது.

இந்த டயரின் கதையில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. 1934ல் உலகின் முதல் விண்டர் டயரைச் செய்தது பின்லாந்தின் ஒரு ரப்பர் கம்பெனி. அது 1967ல் இணைந்த குழுமத்தின் பெயர் நோக்கியா. ஆமாம், ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்து 2014ல் மூடிவிட்டுப் போனார்களே, அதே நோக்கியா. டயர் பிரிவு 1988ல் தனிக் கம்பெனி ஆனது. இந்தியக் கம்பெனி என்று பார்த்தால், ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் அப்பல்லோ டயர்ஸ் 2009ல் வாங்கிய நெதர்லாந்தின் விரெடஸ்டைன் விண்டர் டயர் செய்கிறது.

"ரியர் வீல் டிரைவ் பனிக்கு ஆகாது" என்பவர்கள் சுவீடனைக் கொஞ்சம் பார்க்கட்டும். எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியை 1923ல் ஆரம்பித்தவர்களே சுவீடன்காரர்கள்தான். அந்த நாட்டின் வால்வோ 240, ரியர் வீல் டிரைவ். 1974 முதல் 1993 வரை அதைச் செய்து, வருஷத்தில் பல மாதம் பனி கொட்டும் ரோட்டில் குடும்பத்தோடு ஓட்டினார்கள். அந்நாட்டுச் சட்டம் எந்தச் சக்கரம் இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் விண்டர் டயர் கட்டாயம் என்கிறது. கியூபெக்கிலும் அப்படித்தான், 2008 முதல் சட்டம் இருக்கிறது, இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. மாண்ட்ரியலில் இருக்கும் தமிழர் மாட்டியே ஆக வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. அங்கே 2016 முதல் விண்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி தள்ளுபடி தர வேண்டும் என்று மட்டும் விதி. என்னைக் கேட்டால் இது கோழைத்தனம். பிரேக் அடித்தால் நிற்காத கார் ஓட்டுபவனை மட்டுமா இடிக்கும்? பஸ் ஸ்டாப்பில் நிற்பவனுக்கு எந்தத் தள்ளுபடி?

காசு பற்றிச் சொல்லாமல் விட்டால் என் டிகிரிக்கு அவமானம். "கூடுதலாக நாலு டயரா, தண்டச் செலவு" என்பார்கள். இரண்டு செட் இருந்தால் ஒன்று ஓடும்போது மற்றது பேஸ்மென்டில் தூங்குகிறது. வருஷம் முழுக்க ஓடி நாலு வருஷத்தில் தேயும் செட், ஏழு மாதம் மட்டும் ஓடினால் ஏறத்தாழ ஏழு வருஷம் வரும். அதாவது டயர் செலவின் பெரும்பகுதி முன்கூட்டியே கட்டும் பணம்தான், கூடுதல் செலவு இல்லை. நிஜமான கூடுதல் என்பது நாலு ஸ்டீல் ரிம்மும் வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றும் கூலியும். ஆல் வீல் டிரைவுக்கோ வாங்கும்போதே விலை அதிகம், பெட்ரோல் கொஞ்சம் அதிகம், ரிப்பேருக்கு வர இன்னும் சில பாகங்கள். அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "அதான் ஆல் வீல் டிரைவ் ஆச்சே" என்று விண்டர் டயர் வாங்காமல் விடுகிறார்கள் பாருங்கள், அவர்களைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சிலர் மிச்சம் பிடிக்க இழுக்கிற இரண்டு சக்கரத்துக்கு மட்டும் விண்டர் டயர் போடுவார்களாம். தயவுசெய்து வேண்டாம். பின்னால் மட்டும் போட்டால் வண்டி ஜம்மென்று கிளம்பும், திரும்பாது.

இங்கேயே இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. காலேஜ் முடித்ததும் மணாலி போவோம் என்று பிளான் போடாத கேங் உண்டா? 2024 டிசம்பரில் சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் பனியில் மாட்டின. அந்தச் சரிவுகளில் 4x4 வண்டிகளே சக்கரம் பூட்டியபடி மெதுவாக, ஒன்றும் செய்ய முடியாமல் சறுக்கி இறங்கும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். சமவெளியில் ஓடும் சாதாரண டயர்! உள்ளூர் டாக்ஸிக்காரர் டிக்கியில் செயின் வைத்திருக்கிறாரா என்று ஏறும்முன் கேளுங்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீயில் பனியில் சிக்கிய வண்டிகளுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. பனி சைலன்சரை மூடிவிட, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். சிக்கிக்கொண்டால் முதலில் இறங்கி சைலன்சர் வாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிட வேண்டும், மறுபடி மறுபடி.

நாலு விண்டர் டயர் போட்ட ரியர் வீல் டிரைவும் தோற்கும் இடங்கள் உண்டு, மறைக்கவில்லை. இந்தச் சொகுசு கார்கள் தரையை ஒட்டி இருப்பவை. பனியை வாரும் வண்டி வராத தெருவில் ஒரு அடி உயரம் கொட்டிக் கிடந்தால் காரின் வயிறு பனிமேல் உட்கார்ந்துவிடும், சக்கரம் அந்தரத்தில் சுற்றும். செங்குத்தான டிரைவ்வே உள்ள வீடு என்றால் ஆல் வீல் டிரைவே வாங்குங்கள், அதற்கும் விண்டர் டயர் போட்டு. அண்ணன் இருப்பது சமதளமான தெருவில், பெரிய ரோட்டிலிருந்து இரண்டாவது வீடு. ரொம்ப மோசமான நாளில் டி.டி.சி பஸ் இருக்கிறது.

அவன் காரை வாங்கிவிட்டான். அக்டோபர் கடைசியில் டயர் மாற்ற நாள் குறித்திருக்கிறான். முதல் ஸ்னோ விழுந்த பிறகு போனால் கடைகளில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். கறுப்பு ஸ்டீல் ரிம் மாட்டிய பி.எம்.டபிள்யூ பார்க்கக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் இருக்கும் என்று போட்டோ அனுப்பியிருந்தான். பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ துட்டு குடுத்து வாங்கிட்டு ஏன்டா லாரி வீல் மாட்ற?" என்று கேட்டார்களாம்.