கணக்கு தமிழில் புரியட்டும், ஆங்கிலம் எதிர்ப்பக்கத்தில் இருக்கட்டும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இந்த ஊருடையது. மதகைத் திறந்தால் தண்ணீர் எதுவரை பாயும், கலங்கல் வழிய இன்னும் எத்தனை அடி வேண்டும் என்ற பேச்செல்லாம் இங்கே தமிழில்தான். காஞ்சிபுரம் வட்டாரத்துத் தறிக்கணக்கும் அப்படியே. கட்டம் போட்ட தாளில் புட்டாவை வரைந்து, எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்று பிரித்து, அதன்படி ஜக்கார்டு அட்டையில் துளையிடுகிறார்கள். துளை உண்டு அல்லது இல்லை. கணினிக்குள் ஓடும் 1, 0 கணக்கின் அடிப்படையும் இதுதான்.

இந்தக் கணக்கு புழங்கும் வீடுகளின் பிள்ளைகள், பள்ளியில் அறிவியலையும் கணிதத்தையும் எந்த மொழியில் படிக்க வேண்டும்?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் தொடங்கப்பட்டன. பெற்றோர் அவற்றை நாடுவதில் தவறில்லை. பொறியியலும் மருத்துவமும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, வேலையும் அதில்தான் கிடைக்கிறது. ஆனால் பல வகுப்பறைகளில் நடப்பது வேறு. ஆசிரியர் ஆங்கில வரியை வாசித்துத் தமிழில் விளக்குகிறார். பிள்ளை தமிழில் கேட்டதை விட்டுவிட்டு, ஆங்கில விடையை மனப்பாடம் செய்து எழுதுகிறது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் திகைத்துப்போகிறது.

மலேசியா இந்தப் பாதையில் போய்த் திரும்பிய நாடு. மகாதீர் பிரதமராக இருந்தபோது, 2003 ஜனவரியில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளும் மாறின. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, மடிக்கணினி, குறுவட்டு என்று பணம் தாராளமாகச் செலவானது. அப்படியும் பல வகுப்புகளில் பாடம் இரு மொழியும் கலந்தே நடந்தது. நகரப் பிள்ளைகளுக்கும் கிராமப் பிள்ளைகளுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி விரிந்தது. டிம்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வில் மலேசியாவின் எட்டாம் வகுப்புக் கணித மதிப்பெண் 2003இல் 508, 2007இல் 474, 2011இல் 440. சரிவுக்கு மொழி ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. ஆனாலும் ஆங்கிலம் வந்ததும் கணிதம் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்களில் இடமில்லை. 2009இல் அரசே திட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது.

இலங்கையில் யாழ்ப்பாணத்து மாணவர்கள் உயர்தரம் வரை பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் தமிழிலேயே படித்துத் தேர்வெழுதுகிறார்கள். பிறகு ஆங்கிலத்தில் நடக்கும் மருத்துவ, பொறியியல் பீடங்களுக்குச் சென்று மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் வெளிவருகிறார்கள். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவனும் குமரி மாவட்டத்தில் தமிழ் வழி அரசுப் பள்ளியில் படித்தவர்தான்.

தமிழ் வழி என்று பலகை மாட்டிவிட்டால் போதும் என்பதல்ல இங்கே வாதம். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த மாணவி கல்லூரியின் முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலைப் பிரித்துத் தவிப்பது உண்மை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் அவள் விரும்பும் படிப்பெல்லாம் அங்கே தமிழில் இல்லை. அந்தத் தவிப்பைத் தீர்க்காமல் தாய்மொழிப் பெருமை பேசுவது அவளுக்குச் செய்யும் அநீதி.

வழி எளியது. ஆந்திர அரசு தன் பாடநூல்களில் ஒரு பக்கம் தெலுங்கும் எதிர்ப்பக்கம் ஆங்கிலமுமாக அச்சிட்டது. தமிழகப் பாடநூல் கழகமும் ஆறாம் வகுப்பு முதல் அறிவியல், கணித நூல்களை அப்படித் தரலாம். வகுப்பில் விளக்கமும் விவாதமும் தமிழில் நடக்கட்டும். தேர்வில் எந்த மொழியிலும், இரண்டையும் கலந்தும் எழுதலாம் என்று அனுமதி கொடுங்கள். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பிக்க, நன்றாகப் பயிற்சி பெற்ற தனி ஆசிரியரை ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போட்டு அனுப்புங்கள்.