தட்டணுக்களின் ஆயுள் ஐந்து நாள்: மழைக்காலத் தேவையும் இரத்த மையங்களின் இருப்பும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டெங்கு காய்ச்சல் பரவும் வாய்ப்பு மிகுதி. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பகுதிகளில் குடிநீர்த் தட்டுப்பாட்டின் காரணமாகக் குடங்களிலும் டிரம்களிலும் நீரைச் சேமித்து வைப்பது வழக்கம். ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய நன்னீரில்தான். காய்ச்சல் கண்டவரின் பரிசோதனை அறிக்கையில் தட்டணு எண்ணிக்கை குறைந்ததும், "பிளேட்லெட் எங்கே கிடைக்கும்?" என்று குடும்பத்தினர் அலையத் தொடங்குகின்றனர்.

தட்டணுக்களை நெடுநாள் இருப்பில் வைக்க இயலாது. சிவப்பணுக்களைக் குளிரூட்டி 35 முதல் 42 நாட்கள் வரை வைக்கலாம்; உறைய வைத்த பிளாஸ்மாவை ஓராண்டு வரை வைக்கலாம். தட்டணுக்களோ 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், இடைவிடாது அசைத்துக்கொண்டிருக்கும் கருவியில், ஐந்து நாட்கள் மட்டுமே இருக்கும். அந்த வெப்பநிலையில் பாக்டீரியா வளரக்கூடும் என்பதே இவ்வரம்புக்கு முதன்மையான காரணம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகள், சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் முடிந்த பிறகே பைகள் வழங்கப்படுவதால், பயன்பாட்டுக்குக் கிடைக்கும் காலம் மேலும் சுருங்குகிறது.

இக்கடற்கரைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பதால் இரத்ததான முகாம் நடத்த ஏற்ற காலம். (உலக இரத்ததான நாளும் ஜூன் 14 என்பது ஒரு தற்செயல் பொருத்தம்.) ஆனால் அப்போது கிடைக்கும் தட்டணுக்களில் ஒரு பைகூட நவம்பர் வரை நிற்காது. நவம்பரிலோ மழை பயணத்தைத் தடுக்கிறது. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. டெங்குவிலிருந்து குணமடைந்தவர்கள் ஆறு மாதங்களுக்கு இரத்தம் கொடுக்கக் கூடாது என்பதால், நோய் பரவும் ஊரில் கொடையாளர்களும் குறைகின்றனர். எனவே ஒரே நாளில் பெருங்கூட்டம் கூட்டும் முகாமைவிட, மழை மாதங்களில் வாரந்தோறும் சிலர் கொடுப்பதே தட்டணு இருப்புக்கு உதவும்.

ஒருவர் கொடுக்கும் முழு இரத்தத்திலிருந்து ஒரு சிறு பை தட்டணு கிடைக்கும். அது பெரியவர் ஒருவரின் எண்ணிக்கையை ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை உயர்த்தும். கருவி மூலம் தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுத்தால், ஒரே கொடையாளரிடமிருந்து 30,000 முதல் 60,000 வரை உயர்த்தக்கூடிய பை கிடைக்கும். இதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். கொடையாளர் முந்தைய மூன்று நாட்களில் ஆஸ்பிரின் உட்கொண்டிருக்கக் கூடாது. இவ்வசதி எல்லா இரத்த மையங்களிலும் இல்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டறிவது நன்று. மத்திய அரசின் இ-ரக்தகோஷ் தளத்திலும் இருப்பு விவரம் காணலாம்.

எண்ணிக்கை குறைந்த எல்லோருக்கும் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. இரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, எண்ணிக்கை 10,000-க்குக் கீழே சென்றாலன்றி முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றுவதை தேசிய வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000 அல்லது அதற்கும் கீழே இருந்த பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றியது இரத்தக்கசிவைத் தடுக்கவில்லை, பக்கவிளைவுகளே கூடின. தேவையின்றி ஏற்றப்படும் ஒவ்வொரு பையும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கோ பிரசவத்தில் இரத்தம் இழப்பவருக்கோ கிடைக்காமற் போகும் பையாகும்.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் நேர்கிறது; அதுவும் காய்ச்சல் தணியும் நாட்களில். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், எண்ணிக்கை எவ்வளவாக இருப்பினும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.

மருத்துவர் கேட்டு, நீங்களே தட்டணுப் பையைக் கொண்டு செல்ல நேர்ந்தால், அதை ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். குளிர்ந்த தட்டணுக்களை உடல் விரைவில் அகற்றிவிடும். வெயில் படாமல், மையம் கொடுத்த உறையிலேயே எடுத்துச் சென்று, வார்டு செவிலியரிடம் தாமதமின்றி ஒப்படையுங்கள்.