சிறுவருக்கு எழுதவும் பயிற்சி வேண்டும்

சிறுவருக்கு எழுதுவது இலகுவானது என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. ஆண்டுமலரில் இடம் மிஞ்சினால் ஒரு சிறுவர் பாட்டு!

இவ்விடயத்தில் அரபு மக்களிடம் நாம் கற்கவேண்டியது உண்டு. தம் மகள் ஆங்கில நூல்களையே நாடியதைக் கண்ட ஷேக்கா பொதூர் அல் காசிமி, 2007 இல் ஷார்ஜாவில் 'கலிமாத்' சிறுவர் பதிப்பகத்தை நிறுவினார். பதிப்பகம் மட்டும் போதுமா? எழுதுவோர் வேண்டுமே. 2011 இல் அமீரகச் சிறுவர் நூல் சபை, ஜேர்மனியின் கதே நிறுவனத்துடன் இணைந்து பயிற்சிப் பட்டறைகளை ஆரம்பித்தது. உள்நாட்டு எழுத்தாளரும் ஓவியரும் பயின்றனர். அவர்களின் படைப்புகள் நூல்களாயின.

அரசும் எண்ணெய்ப் பணமும் உள்ளவர்களுக்கே இக்கவலை என்றால், நாடிழந்து வாழும் எமக்கு? 1950 இல் சென்னையில் அழ. வள்ளியப்பா குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார் என்று பெருமை பேசுகின்றோம். ஆயினும் துபாயில் பன்னிரண்டாம் மாடியில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இன்றும் மாட்டுவண்டிக் கதையே கிடைக்கின்றது. மேற்கு நாடுகளிலோ, குடிவரவு அலுவலகத்தில் தாய்க்கு மொழிபெயர்த்து நிற்கும் எமது பிள்ளையின் கதையை எழுதியவர் எத்தனை பேர்?

படைப்பெழுத்துப் பயின்ற எம் இளையோர் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. தமிழுக்கு அவர்களை அழைத்தவர் யார்? தமிழ்ப் பாடசாலைகள் கோடை விடுமுறையில் ஒரு வாரம் மண்டபத்தைத் திறந்துவிடட்டும். விளையாட்டுப் போட்டிக் கேடயச் செலவில் பாதி போதும். இளையோரும் தமிழாசிரியரும் ஓவியரும் ஒருங்கே அமரட்டும். அச்சேற்றுமுன் கையெழுத்துப் பிரதியை ஏழு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். பிள்ளை எழுந்து போகும் இடத்தை எழுதியவர் குறித்துக்கொள்ளட்டும்.