பழைய சைக்கிளா? பழைய இரும்பா?

மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன், வைத்திக்குப்பம்



காதல் கவிதையும் வேலையில்லாத் திண்டாட்டமும் எழுத இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். "ஊரே பைக்குல பறக்குது, இவன் ஓட்டை சைக்கிளைக் கட்டிக்கிட்டு அழறானே" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். விஷயம் நம்ம டிப்ளமோ சம்பந்தப்பட்டதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பழைய சைக்கிளைப் புதுப்பிப்பது என்றால் பெயின்ட் அடிப்பது அல்ல. அது என்ன சைக்கிள் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. கண்டுபிடிக்காமல் ஸ்பேனரைத் தொடுகிறவன், நோயைக் கேட்காமல் ஊசி போடுகிற டாக்டர் மாதிரி!

எங்கள் வைத்திக்குப்பத்தில் கடல் காற்று இரும்பைச் சும்மா விடாது. தாத்தா காலத்துச் சைக்கிள் பல வீடுகளில் வலைக்கும் கயிற்றுக்கும் அடியில் கிடக்கிறது. அதற்கு இரண்டே கதிதான். ஒன்று, காயலான் கடையில் கிலோ கணக்கில் போவது. இன்னொன்று, மஞ்சள் பெயின்ட் பூசிக்கொண்டு ஏதாவது ஓட்டல் வாசலில் பூந்தொட்டி சுமப்பது. என்னைக் கேட்டால் இரண்டும் சாவுதான். இரண்டாவதில் மாலை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் நம்ம ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரை புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். சுற்றிலும் இருந்த இந்தியாவில் இங்கிலீஷ்காரன் அங்குலம். இங்கே மீட்டர் பிறந்த நாட்டின் ஆட்சி. ஆகவே இந்த ஊரில் கிடைக்கிற பழைய சைக்கிளில் அங்குலமும் இருக்கலாம், மில்லிமீட்டரும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மரையில்தான் குட்டு வெளிப்படும்!

"பேட்ஜைப் பார்த்தால் போதுமே" என்பீர்கள். போதாது. ராலி என்றால் உடனே இங்கிலாந்து நாட்டிங்ஹாம் என்று சொல்லி விட முடியாது. அதே பெயரில் மேற்கு வங்காளம் அசன்சாலில் சென்-ராலி கம்பெனி சைக்கிள் செய்தது. ஹெர்குலிஸ் பர்மிங்ஹாமில் பிறந்த பெயர். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அதை நம்ம அம்பத்தூரிலேயே செய்தது. பேட்ஜைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். மரையை அப்படி மாற்ற முடியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காற்றடிக்கும் வால்வைப் பாருங்கள். சின்ன ரப்பர் குழாய் மாட்டுகிற வால்வு என்றால் இங்கிலீஷ் வழி; நம்ம ஊர் சைக்கிளிலும் அதுதான். ஒல்லியாக, நுனியில் குட்டி நட் இருந்தால் பிரெஞ்சு வழி. கார் டியூப் வால்வு மாதிரி இருந்தால் அமெரிக்க வழி. ஆனால் டியூபை யாரும் மாற்றியிருக்கலாம். அதனால் அடுத்து போக்ஸ் கம்பியை எண்ணுங்கள். முன்னால் 32, பின்னால் 40 என்றால் இங்கிலீஷ் வழக்கம். இரண்டிலும் 36 என்றால் பெரும்பாலும் பிரெஞ்சு வழக்கம். ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் அதிர்ஷ்டம். தயாரித்த வருஷம் அதிலேயே பொறித்திருக்கும். அது ஹப்பின் வயசு. வண்டியின் வயசு என்று அடித்துச் சொல்லக் கூடாது, சக்கரம் மாறியிருக்கலாம்.

கடைசித் தீர்ப்பு வெர்னியருக்கும் திரெட் கேஜுக்கும்தான். கிராங்க் அச்சைத் தாங்குகிற கப் இங்கிலீஷ் என்றால் விட்டம் 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சு என்றால் 35 மி.மீ., மரைக்கு மரை சரியாக 1 மி.மீ. வித்தியாசம் வெறும் 0.2 மி.மீ.! இன்னொன்று: செயின் பக்கத்துக் கப் இங்கிலீஷில் இடது மரை, பிரெஞ்சில் வலது மரை. எது என்று தெரியாமல் தவறான பக்கம் நெம்பினால் கழலாது, இறுகும். மேலும் நெம்பினால் உடையும். பெடலும் அப்படியே. இங்கிலீஷ் 14.29 மி.மீ., பிரெஞ்சு 14 மி.மீ. அமெரிக்காவின் ஒரே துண்டாக வளைத்த கிராங்க் என்றால் அரை அங்குலம். சிகாகோவின் ஸ்வின் கம்பெனி 1933-ல் பலூன் டயர் போட்டு இறக்கிய சைக்கிள் வம்சம் அது.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டில் பேட்ஜே இல்லாத ஒரு சைக்கிள். "கப் ஆடுது தம்பி, கடைக்காரர் மரை போச்சு, புதுசா டேப் போட்டு வெட்டணும்னார்" என்றார். நாலு பேர் உட்கார்ந்து அளந்தோம். மரை எங்கேயும் போகவில்லை. அது 35 மி.மீ. பிரெஞ்சு மரை; கடையில் இருந்த கப்தான் இங்கிலீஷ். டேப் ஓட்டியிருந்தால் அன்றோடு சரி! பழைய கப்பையும் அச்சையும் கழுவி, பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல பால்ஸ் மட்டும் புதுசு போட்டோம். ரிம்மில் 700 பி என்று இருந்தது. பிரெஞ்சு டயருக்கு எங்கே போவது என்று முழித்தோம். 700 பி-யும் நம்ம 28 x 1½-ம் ஒரே 635 மி.மீ. ரிம்தான்! மீன் கூடை சுமக்கிற சைக்கிளின் டயர் அப்படியே உட்கார்ந்தது. கம்பெனிப் பெயரை மட்டும் நோட்டில் எழுதவில்லை. தெரியாததை எழுதுவதை விட காலி இடம் கௌரவம்.

துரு எடுப்பதிலும் அவசரம் ஆகாது. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் துரு போகும், கூடவே குரோமும் போகும். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். காய்ந்ததும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். குரோமில் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேல் துரு வந்து விடும். பழைய பெயின்டும் தங்கக் கோடும் கொஞ்சமாவது இருந்தால் அதை விட்டு வையுங்கள். புதுப் பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பழைய கோடு எங்கேயும் கிடைக்காது.

"இதுல காசு வருமா மச்சி?" என்பவர்களுக்கு: பெரிதாக வராது. ஆனால் இடது மரை, அங்குல மரை, பால் பேரிங் எல்லாவற்றையும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறுநாளே மறந்து விடுகிறோம். ஒரு சைக்கிளைப் பிரித்தவனுக்கு அது மறக்குமா? இன்னொன்றும் உண்டு. ராலிக்கும் ஸ்வின்னுக்கும் வெளிநாட்டில் புத்தகம், பட்டியல், சங்கம் எல்லாம் இருக்கிறது. நம்ம ஊருக்கு எந்தச் சைக்கிள் வந்தது, யார் ஓட்டினார்கள் என்பது பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்கள் போய் விட்டால் அதுவும் போய் விடும்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பைத் திறக்கச் சொல்லி அனுமதி வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் சைக்கிளை அவரவர் கொண்டு வரட்டும். அளந்து, ஒரு பெரிய நோட்டில் விட்டம், மரை, எண், வாங்கிய கதை எல்லாம் எழுதுவோம். தெருமுனை சைக்கிள் கடை அண்ணன்களையும் கூப்பிடுவோம். அவர்கள் கையில் நாற்பது வருஷ அனுபவம், நம் கையில் வெர்னியர். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

சைக்கிள் பைத்தியம் பிடித்தவனை மறை கழண்டவன் என்று கேலி செய்யலாம், பரவாயில்லை. எந்த மரை, எந்தப் பக்கம் கழலும் என்று தெரிந்து கழற்றுகிறவன்தானே டெக்னீஷியன்! இந்த வாரம் வீட்டுக்குப் போனதும் அந்தச் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். காயலான் கடைக்காரர் வருவதற்குள் அளந்து விடுங்கள்!