யாருக்கு எளிது?

மழலையர் வகுப்புகளின் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். மழைக்கால வாரம் என்றால் அங்கே 30 குடைகள் தொங்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே நீலம், மேலே பஞ்சு ஒட்டிய ஒரே மேகம். கீழே மட்டும் 30 வெவ்வேறு பெயர்கள். இதைக் குழந்தைகளின் கைவினை என்று அழைப்பதை நாம் ஏற்கவில்லை. அதில் குழந்தைக்கு உரியது பெயர் மட்டுமே. அதையும் பெரும்பாலும் ஆசிரியையே எழுதியிருப்பார்.

பழங்கள், வாகனங்கள், பண்டிகைகள், மஞ்சள் நாள், பச்சை நாள் என்று வாரத்துக்கொரு கருப்பொருளுக்கு 'எளிய கைவினைகள்' புத்தகங்களாகவும் காணொளிகளாகவும் குவிகின்றன. யாருக்கு எளிது என்பதே நம் கேள்வி. 3 வயதுக் குழந்தையால் கத்தரிக்கோலைப் பிடித்துத் தாளின் ஓரத்தை நறுக்க முடியும். வளைகோட்டின் மேல் பிசகாமல் வெட்டும் திறன் பெரும்பாலோருக்கு 4 வயதைக் கடந்தே வாய்க்கிறது. ஆகவே குடையை ஆசிரியை வெட்டிவிடுகிறார். காட்டிய இடத்தில் ஒட்டுவது மட்டும் குழந்தைக்கு மிஞ்சுகிறது. வீட்டுக்கு அனுப்பப்படும் 'ப்ராஜெக்ட்'டின் கதை இன்னும் மோசம். இரவு கடையடைக்கும் நேரத்தில் தெர்மாகோல் தேடி அலைகிறார் தந்தை. பிள்ளை உறங்கியபின் ஜிகினா ஒட்டுகிறார் தாய். மறுநாள் அதைச் சுமந்து செல்வதே பிள்ளையின் பங்கு. தன் பெயரில் பிறர் செய்ததைக் காட்டிப் பாராட்டுப் பெறலாம் என்பதே அங்கே கற்பிக்கப்படும் முதல் பாடம்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையன்று. 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் ஃப்ரோபெல் தொடங்கி, 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட பள்ளியில் காகிதம் மடித்தலும் நெய்தலும் குழந்தை உலகை அறியும் வழிகளாக இருந்தன. பின்வந்தோர் பலர் அவற்றை வரிசை பிறழாத பயிற்சிகளாக இறுக்கினர். அந்த இறுக்கத்துக்கு மாற்று இல்லாமல் போகவில்லை. 1897இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் தொடங்கிய சிறார் ஓவிய வகுப்பு, நகலெடுக்கும் முறையை உதறியது. அச்சிட்ட உருவங்களுக்கு வண்ணம் தீட்டவைப்பது குழந்தைக்குத் தன் கோட்டின் மீதுள்ள நம்பிக்கையைக் குலைக்கிறது என்று 1947இல் வெளிவந்த நூலில் விக்டர் லோவன்ஃபெல்ட் வாதிட்டார். ரோடா கெல்லாக் 1969இல் வெளியிட்ட நூலில், நாம் கிறுக்கல் என்று ஒதுக்குவதற்குள் 20 அடிப்படை வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். நம் நாட்டிலேயே, சாந்திநிகேதனில் பயின்று சேவாகிராமத்தில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், கலையே கல்வியின் அடித்தளம் என்று எழுதினார். இத்தனைக்குப் பிறகும் நம் சுவர்களில் அதே குடைகள்தாம்.

நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆசிரியை எப்படிச் சமாளிப்பார் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் 40 குடைகளை வெட்டுவதைவிட 40 களிமண் உருண்டைகளைக் கொடுப்பது அவருக்குச் சுலபம். விரல்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் களிமண் பிசைவதிலும் தாள் கிழிப்பதிலும் அது தாராளமாகக் கிடைக்கிறது. ஆசிரியையைத் தடுப்பது பெற்றோரின் கண். சுவரில் 'அழகாக' ஏதும் இல்லையென்றால் கட்டணம் வீணென்று கருதுகிறவர்கள் நாமே அல்லவா?

கருப்பொருள் மீது நமக்குப் பகையில்லை. முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட விடை மீதுதான். மழையென்றால் மழையைப் பற்றிப் பேசுங்கள். பழைய செய்தித்தாளும் கரித்துண்டும் கொடுங்கள். ஒரு குழந்தை தாள் முழுக்கக் கறுப்பாகத் தேய்த்து, இடி என்று சொல்லட்டும். பூவரச இலைப் பீப்பியும் பனையோலைக் காற்றாடியும்கூடப் பெரியவர்களைப் பார்த்துக் கற்றவைதாமே என்று மடக்கலாம். உண்மை. ஆனால் பீப்பி ஒலிக்க வேண்டும், காற்றாடி சுழல வேண்டும். செய்தது சரியா என்பதை ஊதிப் பார்த்தும் ஓடிப் பார்த்தும் குழந்தையே அறிந்துகொள்கிறது. பஞ்சு மேகத்தில் அதற்கு இடமேது?

புதிய குரல்கள் எழவில்லையே என்று சிற்றிதழ்ப் பக்கங்களில் வருந்தும் நாம், வெட்டிக் கொடுத்த மேகத்தை ஒட்டப் பழகிய கை பின்னாளில் நோட்ஸைப் பார்த்துக் கட்டுரை எழுதுவதைக் கண்டு வியப்பதில் பொருளில்லை. அடுத்தமுறை வகுப்பறைச் சுவர் முன் நிற்கையில், இவற்றில் எது குழந்தை செய்தது என்று ஆசிரியையிடம் கேளுங்கள். கோணலாக, கசங்கி, என்னவென்றே புரியாமல் ஒன்று இருந்தால், அதைச் செய்த பிள்ளையிடம் அது என்னவென்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை நின்று கேளுங்கள்.