கொதிநீரில் இடப்படும் நான்கறிவுயிர்

உணவின்பொருட்டு உயிரொன்றைக் கொல்லுதல் தகுமா என்பது பழைய வழக்கு. அது தீரும்வரை காத்திராமலே தீர்க்கத்தக்க சிறிய வழக்கொன்று உண்டு. உண்பதென முடிவுசெய்தபின், சந்தையில் உயிரோடு வாங்கிய சிங்க இறாலையும் நண்டையும் உயிரோடே கொதிநீரில் இடுவதற்கு நியாயம் யாது? நியாயம் எதுவுமில்லை, உள்ளது பழக்கம் ஒன்றே.

அப்பழக்கத்துக்குச் சார்பாக முதலிற் கூறப்படுவது உடல்நலம். சிங்க இறாலை வாங்குவோர் அதனைத் தூக்கிப் பார்ப்பர். வால் உள்நோக்கிச் சுருண்டு துடித்தால் நல்லது என்பர். இத்தேர்வு அறிவுடையதே. இறந்த உடலில் சமிபாட்டுச் சுரப்பியின் நொதியங்கள் தசையைக் கரைக்கத் தொடங்கும், பற்றீரியாக்களும் பெருகும். ஆனால், இவ்வுண்மை நிறுவுவது யாது? சாவுக்கும் சமையலுக்கும் இடையே நெடுநேரம் செல்லலாகாது என்பதை மட்டுமே. சாவும் சமையலும் ஒரே பாத்திரத்தில், ஒரே கணத்தில் நிகழவேண்டும் என்பதை அது நிறுவவில்லை. புதிய இறைச்சி வேண்டுமென்பதற்காகக் கோழியை எவரும் உயிரோடு உலையில் இடுவதில்லை.

இரண்டாவது வாதம், அதற்கு நோவு தெரியாது என்பது. விலங்குகளை இயந்திரங்களாகக் கண்ட பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவஞானி தேக்காட்டின் நிழல், அவர் பெயரையே கேட்டிராதோரின் அடுக்களையிலும் விழுகின்றது. பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்வூட்டும் அவருடன் உழைத்தோரும் இந்நம்பிக்கையைப் பரிசோதனைக்கு உட்படுத்தினர். 2007இல் வெளிவந்த ஆய்வில், உணர்கொம்பொன்றில் அசற்றிக் அமிலம் தடவப்பட்ட இறால்கள் அக்கொம்பையே நெடுநேரம் நீவின. உணர்விழப்பு மருந்து இட்டபோது அச்செயல் குறைந்தது. 2009இல், மின்னதிர்ச்சி பெற்ற துறவி நண்டுகளுள், விருப்பமான ஓட்டிற் குடியிருந்தவை விருப்பமற்ற ஓட்டில் இருந்தவற்றிலும் அரிதாகவே வெளியேறின. 2013இல், அதிர்ச்சி தந்த மறைவிடத்தைக் கைவிட்டு மற்றையதைத் தேரக் கரை நண்டுகள் கற்றுக்கொண்டன. வெறும் தெறிவினை வீட்டின் தரத்தை எடைபோடுவதில்லை. பட்டதை நினைவில் வைத்துப் பாதை மாறுவதுமில்லை.

பாத்திரத்திலிருந்து எழும் ஒலி அலறல் அன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். சிங்க இறாலுக்குக் குரல்நாண் இல்லை; ஓட்டினூடே வெளியேறும் ஆவியின் ஓசையே அது. அதன் உள்ளுணர்வை எவரும் நேரே கண்டதுமில்லை. ஆயினும் ஐயம் எஞ்சும் இடத்தில் அதன் பயன் எவரைச் சேரவேண்டும்? கொதிநீரில் வீழ்வதையா, அடுப்பின் அருகே நிற்பவரையா?

சுவிற்சர்லாந்து 2018இல் இவ்வினாவுக்குச் சட்டத்தால் விடையளித்தது. உணர்விழக்கச் செய்யாமற் கொதிநீரில் இடுதல் அங்கு குற்றமாயிற்று. பிரித்தானியாவில் இலண்டன் பொருளியற் கல்லூரி ஆய்வாளரின் 2021ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 2022இன் விலங்கு நலச் சட்டம் நண்டையும் சிங்க இறாலையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது.

மேலைநாட்டார் கூறியதனால் இதனை ஏற்கவேண்டும் என்பதில்லை. தொல்காப்பிய மரபியல் நண்டை நான்கறிவுயிராக வகுத்தது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி என்பன அதற்கு உரியன. இதனை நரம்பியற் சான்றாகக் கொள்ளலாகாது. புல்லுக்கும் ஊற்றுணர்வு கூறும் நூல் அது. எனினும் மனிதன் ஒருபுறம், இயந்திரங்கள் மறுபுறம் என்று அது உலகைப் பிளக்கவில்லை. எல்லா உயிரையும் ஒரே ஏணியின் படிகளில் நிறுத்தியது. அந்நூலின் தொன்மையை மேடையிற் பாடுவோர், வீட்டு அடுக்களையில் தேக்காட்டின் மாணாக்கராவது விந்தையே.

செய்யத்தக்கது எளிது. உயிரை முதலில் பனிக்கட்டியும் உப்புநீரும் கலந்த குளிரில் இட்டு மந்தமாக்கவேண்டும். வெப்பக்கடல் இனங்கள் குளிருக்கு விரைவில் அடங்கும். ஆனால் நாட்கணக்கிற் பனிக்கட்டியில் வைத்திருத்தல் வேறு. உணவகமொன்று அவ்வாறு செய்ததை இத்தாலியின் உயர்மன்றம் 2017இல் வதையெனத் தீர்த்தது. சிங்க இறாலின் நரம்புத்திரட்டுகள் தலையில் மட்டுமன்றி உடல்நெடுகவும் சங்கிலியாக அமைந்தவை. ஆதலால் தலையில் ஒரு குத்துப் போதாது. கனத்த கத்தியால் நடுக்கோட்டில் நீளவாக்கிற் பிளக்கவேண்டும். நண்டுக்குக் கண்ணருகே ஒன்றும் வயிற்று மடலின்கீழ் ஒன்றுமாக நரம்பு மையங்கள் இரண்டு, இரண்டையும் ஊடுருவவேண்டும். உயிரோடு கால்களை முறிப்பதும் ஓட்டைப் பிரிப்பதும் கொதிநீருக்குக் குறைந்த வதையல்ல.

இறுதியாக எழுவதே வலிய வாதம்: மனிதர் துயரே தீராத நாட்டில் நண்டுக்கு இரங்குவது ஆடம்பரம் அன்றோ? இரக்கம் எடுக்க எடுக்கக் குறையும் அரிசி மூடை அன்று. இம்மாற்றத்தால் மீனவர் ஒரு சதமும் இழப்பதில்லை. உண்பவர் ஒரு கவளமும் இழப்பதில்லை. மேலும், தன்னைப்போல் இல்லாதது தன்னைப்போல் நோகாது என்னும் வாதம் நண்டோடு நின்றுவிடுவதன்று. அது மனிதருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டபோது விளைந்ததை இத்தீவு நன்கறியும். அவ்வாதத்தை மிகச் சிறிய உயிரிடத்திலும் அனுமதியாதிருப்பதே அறிவுக்கு அழகு.